இடுப்பளவு ஈரம்

ஷேர் ஆட்டோவில் போய்ச் சேரக்கூடிய தீவு உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி, முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் அது வருகிறது. வருடத்தில் பத்து மாதம் அதற்கு அலைமகள் நகர் என்று பெயர். வடகிழக்குப் பருவமழை ஒரு தடவை மனம்வைத்துப் பெய்துவிட்டால் போதும், நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதி என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டோமே, அதற்கு ஒரு குறையும் இல்லாமல் பொருந்திவிடும். மக்கள் வசிக்கிறார்கள். மின்சாரம் கிடையாது. வெளி உலகத் தொடர்பு போனில் சார்ஜ் இருக்கிறவரை.

நான் பெரிய பயணி அல்ல. ஒரே ஒரு முறை கடலைக் கடந்திருக்கிறேன். அதுவும் ராமேஸ்வரம் ரயிலில், அரைத்தூக்கத்தில். ஆனால் தீவுப் பயணங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அந்தப் புத்தகங்களில் தீவுக்குப் புறப்படுகிறவனுக்கு ஏதாவது ஓர் ஏக்கம் இருக்கும், ஒரு தேடல் இருக்கும். எனக்கு இருந்தது ஆத்திரம் மட்டும்தான்.

விஷயம் இதுதான். என் அக்கா சுகந்தியும் அவள் கணவர் ஞானசேகரனும் அலைமகள் நகர்வாசிகள். மாமாவின் சிறுநீரகங்கள் அவருக்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். உடம்பு வெளியே தள்ளாத நீரை அங்கே மெஷின் தள்ளும். இந்த மழையில் ஒரு தடவை தவறிவிட்டது. கால் வீங்கிப்போய், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தபடியே தூங்குகிறார். இன்று சாயங்காலம் ஒரு மெஷின் காலி, அதையும் விட்டால் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். விடிந்ததும் விடியாததுமாக அக்கா இதையெல்லாம் போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமா போனைப் பிடுங்கினார்.

"ஒண்ணும் இல்ல மச்சான். லேசா ஈரமா இருக்கு, அவ்ளோதான். உங்கக்கா பயந்துட்டா."

பின்னணியில் 'டங்' என்று ஒரு சத்தம். அது என்ன என்று கேட்டேன்.

"ஃப்ரிட்ஜ். சுவத்துல இடிக்குது" என்றார், ஃப்ரிட்ஜுகள் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்பதுபோல.

நான் இருப்பது சேலையூரில், முதல் மாடியில். எங்கள் தெருவில் தண்ணீர் நிற்காது. நிற்கிற அளவுக்குக் குழாயில்கூட வராது. எனவே தீவுப் பயணத்துக்கு வேண்டியவற்றைப் படித்த அறிவிலிருந்து எடுத்துவைத்தேன்: டார்ச், பிஸ்கட், குடை, பொழுதுபோக்க ஒரு தடித்த புத்தகம். அக்கா கேட்டிருந்த கொசுவத்தியை மறந்துவிட்டேன்.

ரோடு எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறதோ, அதுதான் துறைமுகம். ஒரு பெட்ரோல் பங்க்குக்கு எதிரே இருந்தது. மெரினாவில் என்னென்ன உண்டோ அத்தனையும் அங்கே வந்துவிட்டன. மிளகாய் பஜ்ஜி, சோளக்கதிர், வேடிக்கை பார்க்க வந்த குடும்பங்கள். ஒரு தகப்பனார் குழந்தையின் கால்களை அலையில் நனைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த அலையில் யாரோ ஒருவருடைய வீட்டுச் செருப்புகள் ஜோடி பிரிந்து வந்துகொண்டிருந்தன. டிவிக்காரப் பெண் ஒருத்தி மைக்கோடு முழங்கால் தண்ணீரில் நின்று பேச, கேமராக்காரர் அவளை இன்னும் கொஞ்சம் குனியச் சொன்னார். நான் பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டேன். ஆத்திரத்தில் எனக்குப் பசிக்கும்.

குடைக்குக் கீழே ஒரு அதிகாரி படகுகளை அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம். அலைமகள் நகர் என்றதும் தலையாட்டிவிட்டார்.

"அங்க தண்ணி இல்லையே சார்."

நான் சுற்றிலும் பார்த்தேன். தண்ணீர் தொடுவானம்வரை இருந்தது.

"நேத்தே போட் அனுப்பறதா இருந்தோம். அவங்க அசோசியேஷன் செக்ரட்டரியே போன் பண்ணி, எங்க நகர்ல எல்லாம் நார்மல், போட் கீட் அனுப்பி ஜனங்களைப் பீதியாக்காதீங்கன்னு சொல்லிட்டார். பெரிய மனுஷன் பேச்சை மீறி நான் எப்படி சார் அனுப்பறது?"

அலைமகள் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் யார் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் கையெழுத்தோடு எனக்கு வாழ்த்து வரும்.

"அந்தச் செக்ரட்டரியைத்தான் சார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்றேன்.

அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. மாமாவுக்காக அல்ல, எனக்காக. தேசிங்கு என்று ஒருவரைக் கூப்பிட்டு, போகிற வழியில் இவரை இறக்கிவிடுங்கள் என்றார்.

தேசிங்கு கோவளம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர். கடலிலிருந்து மீனவர்கள் படகோடு வந்து, கரையிலிருந்து இத்தனை தூரம் உள்ளே இருக்கிற தாம்பரத்து மாடிகளிலிருந்து ஆட்களை இறக்கவேண்டியிருக்கிறது என்றால், கடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பது யார் என்பதே எனக்குக் குழப்பமாகிவிட்டது. நான் ஏறியதும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

"நடுவுல குந்து சார். வலைதான் ஏத்துவோம், நீ வந்துகினு இஞ்சினு கணக்கா கீறே."

படகு ஓடத் தொடங்கியது. கார்களின் கூரைகள் பாறைகள்போலத் தெரிந்தன. 'வேகத்தடை உள்ளது, மெதுவாகச் செல்லவும்' என்ற பலகை கழுத்துவரை மூழ்கியும் கடமையைச் செய்துகொண்டிருந்தது. தேசிங்கு அதற்குப் பயந்து வேகத்தைக் குறைத்தார். தண்ணீருக்கடியில் மேடு இருந்தால் மோட்டார் இடிக்குமாம். கடலில் இந்தப் பேஜார் எல்லாம் கிடையாது, அங்கே யாரும் ஸ்பீட் பிரேக்கர் போடுவதில்லை என்று வழிநெடுகப் புலம்பிக்கொண்டே வந்தார். தெருப்பெயர்ப் பலகைகள் முழுகிவிட்டதால் எங்களுக்கு வழியும் தெரியவில்லை. ஒரே தண்ணீர்த்தொட்டியை இரண்டு தடவை சுற்றினோம்.

அலைமகள் நகர் என்று பெரிதாக எழுதிய நுழைவாயில் ஆர்ச் தெரிந்த நேரத்தில் மோட்டார் 'கர்ர்' என்று உறுமி நின்றுவிட்டது. தேசிங்கு அதைத் தூக்கிப் பார்த்தார். விசிறியில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் சுற்றியிருந்தது. கத்தியால் அறுத்து அறுத்து எடுத்தார். முதலில் தென்னை மரம் வந்தது. பிறகு ஒரு நீலக் குளமும் வாத்தும். பிறகு 'ஏரிக்காற்றோடு வாழுங்கள்' என்ற எழுத்து. கடைசியில் கை கூப்பிய ஒரு மனிதர்.

"இந்தாளு யாரு சார்?"

மனை போட்டு விற்றவர் என்றேன்.

"இவன்தான் சுத்திகினு கீறானா" என்று அந்த முகத்தைச் சுருட்டி என் காலடியில் போட்டார்.

ஏரிக்காற்று என்று அந்த மனிதர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஏரியும் இருந்தது, காற்றும் இருந்தது. ஏரிக்கு மேல் காற்றுதான் இருக்கவேண்டும். வீடு இருக்கக் கூடாது என்பதைத்தான் அவர் சொல்லாமல் விட்டார். வாங்கினவர்களும் கேட்காமல் விட்டார்கள். ஒவ்வொருவரும் வீடு கட்டும்போது பக்கத்து வீட்டைவிட ஓர் அடி உயர்த்தி மண் கொட்டிக்கொண்டார்கள். அடுத்தவர் அதைவிட ஓர் அடி. முதல் ஆளாக நம்பிக்கையோடு வந்து கட்டியவர் கிண்ணத்தின் அடியில் போய்ச் சேர்ந்தார். அலைமகள் நகரில் முதன்முதலாக வீடு கட்டியவர் எங்கள் மாமா. போதாக்குறைக்கு, வெளித்தண்ணீர் உள்ளே வராமல் இருக்கச் சங்கத்தின் சார்பில் நகரைச் சுற்றிச் சுவரும் எழுப்பினார்கள். இந்த மழையில் தண்ணீர் சுவரைத் தாண்டி உள்ளே வந்தது. இப்போது அதே சுவர் அதை வெளியே போகவிடாமல் பத்திரமாகப் பாதுகாத்துவருகிறது.

மாமா வீட்டு போர்டிகோவின் கூரைதான் இறங்குதுறை. அதிலிருந்து மாடி வராந்தாவுக்கு ஏறவேண்டும். நான் ஏறிய விதத்தை விவரிக்க விரும்பவில்லை. அக்கா மேலிருந்து கையைப் பிடித்தாள், தேசிங்கு கீழிருந்து பொதுவாகத் தள்ளினார். குடையும் புத்தகமும் தண்ணீரில் போயின. ஒரு மணி நேரத்தில் திரும்பி வருவதாகவும், ஆளைத் தயாராக வைத்திருக்கும்படியும் தேசிங்கு சொன்னார். பொழுது சாய்ந்துவிட்டால் கரண்டு ஒயர் கண்ணுக்குத் தெரியாது, வரமாட்டாராம்.

மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால்கள் இரண்டும் தலையணைபோல இருந்தன. பக்கத்தில் மூடி போட்ட ஒரு சின்னச் சொம்பு. அவர் ஒரு நாளைக்குக் குடிக்க அனுமதிக்கப்பட்ட தண்ணீர் அதில்தான் இருக்கும். மூடியில் கொஞ்சமாக ஊற்றி நாக்கை நனைத்துக்கொள்வார். சுற்றிலும் ஊரே மிதக்க, இவர் மூடியில் ஊற்றிக் குடித்ததைப் பார்த்ததும் நான் வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு வந்த வசவு எனக்கே மறந்துவிட்டது.

"சாப்டியா மச்சான்?" என்றார், இரண்டு வார்த்தைக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு.

தீவின் உணவைப் பற்றியும் சொல்லவேண்டும். அக்கா ரவை உப்புமா கிண்டியிருந்தாள். மூன்று நாளாக அதுதானாம். எதிர்மாடியில் தனியாக இருக்கும் பிலோமினா டீச்சர், கொடிக்கயிற்றில் ஒரு வாளியை ஓட்டி எங்களுக்கு மீன் குழம்பு அனுப்பினார். கொசுவலையை வைத்துத் தன் கார் ஷெட்டிலேயே பிடித்த ஜிலேபி மீன். வாழைப்பழமும் இருந்தது, மாமாவுக்கு அது ஆகாது. குழம்பு பிரமாதம். ஏரி தன் சொத்தை மீட்டுக்கொண்டதோடு நிற்காமல் மீனையும் கையோடு அழைத்து வந்திருக்கிறது என்று டீச்சரிடம் சொன்னேன். தன் ஷெட்டில் கார் நின்றதைவிட மீன் நின்ற நாள்தான் அதிகம் என்றார் அவர்.

படகு வேண்டாம் என்று மாமா சொன்னதன் ரகசியம் சாப்பாட்டோடு வெளிவந்தது. போன மழையில் யாரோ ஒருவர் தெருத் தண்ணீரைப் படம் எடுத்துப் போட, அது டிவியில் வந்து, ஒரு வீட்டு விற்பனை நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டு ஒரு கல்யாணப் பேச்சும் முறிந்தது. அதிலிருந்து சங்கத்தில் சட்டம் போட்டுவிட்டார்கள். தண்ணீரைப் படம் எடுக்கக் கூடாது. வாட்ஸப் குழுவில் வெள்ளம், தண்ணீர் என்ற சொற்களை எழுதக் கூடாது. 'ஈரம்' என்று எழுதலாம். சட்டத்தை எழுதியவர் மாமா. அக்கா குழுவைத் திறந்து காட்டினாள். 'இரண்டாம் தெருவில் முழங்காலளவு ஈரம்.' 'மூன்றாம் தெரு, இடுப்பளவு ஈரம், ஒரு பாம்பு.' அதற்குக் கீழே செயலாளர் கைகூப்பிய பொம்மை போட்டு, 'பீதி வேண்டாம்' என்று எழுதியிருந்தார்.

தீவுவாசிகளுக்கென்று விசித்திரமான பழக்கங்கள் உண்டு என்று படித்திருக்கிறேன். மூழ்குகிறவர்கள் ஒன்றுகூடி, மூழ்கவில்லை என்று தீர்மானம் போடும் பழக்கத்தை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

கிளம்புங்கள் என்றேன். மாமா அசையவில்லை. கரையில் டிவிக்காரர்கள் இருக்கிறார்கள், செயலாளரையே படகில் தூக்கிக்கொண்டு போவதை ஊரெல்லாம் பார்க்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார். டீச்சர் வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் மகனோடு போய் இருக்கப்போகிறார். அதை இவர் கெடுக்கக் கூடாதாம்.

"வாங்கப்போற ஆளுக்குத் தண்ணி வரும்னு சொல்லிட்டீங்களா?"

"அதுக்குள்ள வடிஞ்சிடும்."

எனக்கு வந்ததே கோபம். ஒருத்தன் வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொண்டுவந்து ஏரியில் போடப்போகிறான், அதற்கு நீங்கள் உயிரைக் கொடுத்துக் காவல் இருக்கிறீர்கள், இது என்ன நியாயம் என்று கத்தினேன். எதிர்மாடியில் டீச்சர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. மாமா ஒரு மூடித் தண்ணீர் குடித்தார்.

"நீ கூடுவாஞ்சேரியில மனை வாங்கினியே, உனக்கு யார்ரா சொன்னாங்க?"

அதை நான் மே மாதத்தில் போய்ப் பார்த்து வாங்கினேன். மே மாதத்தில் எந்த ஏரியும் நிலம்தான்.

வெளியே படகின் சத்தம் கேட்டது. தேசிங்கு கீழிருந்து குரல் கொடுத்தார். மாமா நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். நாளைக்குப் பார்க்கலாம், எனக்கு ஒன்றும் இல்லை என்றார். 'ஒன்றும்' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் நடுவே இரண்டு மூச்சு.

அக்கா போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் பாதிவரை இறங்கினாள். கீழே எங்கள் குடும்பப் படங்கள் மாட்டிய கூடம். ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்தது, அதன்மேல் காஸ் அடுப்பு உட்கார்ந்து பயணம் செய்துகொண்டிருந்தது. பளிச்சென்று ஒரு ஃப்ளாஷ் அடித்தது. மேலே வந்து போனை மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இப்ப நீங்க போட்ல ஏறல, இதை குரூப்ல போட்டுடுவேன்."

மாமா அவளைப் பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேலாக அவர் சொன்னதையெல்லாம் கேட்டவள். விரல் பொத்தானுக்கு மேல் நின்றது.

அவர் எழுந்துவிட்டார்.

இறக்குவது லேசான காரியமாக இல்லை. நானும் தேசிங்கும் தாங்கிப் பிடித்தோம், அக்கா பின்னாலேயே ஏறிக்கொண்டாள். எதிர்மாடிக் கதவு திறந்தது. டீச்சர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போய்ட்டு வாங்க சார். எனக்காகப் பாத்துகிட்டு உக்காந்திருந்தீங்கன்னா, அந்தப் பாவம் எனக்கு வேணாம்" என்றார். மாமா கையைத் தூக்கினார். டீச்சரையும் வரச்சொல்லிக் கூப்பிட்டேன். தேசிங்கு என்னை ஒரு பார்வை, படகின் விளிம்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதற்குமேல் ஆள் ஏறினால் எல்லாரும் நீந்தவேண்டியதுதான் என்றார்.

ஆர்ச்சைத் தாண்டியதும் அக்காவின் போன் 'டிங்' என்றது. உடனே மாமாவின் போனும் 'டிங்' என்றது. அவர் எடுத்துப் பார்த்தார். மல்லாந்த ஃப்ரிட்ஜ்.

"ஏறினா போட மாட்டேன்னு சொன்னியே" என்றார்.

"ஏறலைன்னா போடுவேன்னு சொன்னேன். ஏறினா போட மாட்டேன்னு எப்ப சொன்னேன்?"

தேசிங்கு சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. பிறகு குழுவில் யாரோ மூழ்கிய பைக்கின் படத்தைப் போட்டார். அடுத்து ஒரு சமையலறை. ஒரு பூஜை அறை. பீரோவின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு நாய். இரண்டு போனும் மாறி மாறி அடித்தன. அத்தனை பேரும் படம் எடுத்துத்தான் வைத்திருந்திருக்கிறார்கள், முதலில் யாராவது போடட்டும் என்று. மாமா போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

கரை நெருங்கியதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"இன்னா சார், தங்கம் கடத்தினு வர்றாமாரி" என்றார் தேசிங்கு.

டிவிக்காரப் பெண் ஓடிவந்தாள், உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று கேட்டாள். மாமா துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். தேசிங்கு அவரைக் கரையில் உட்காரவைத்துவிட்டு அடுத்த நகருக்குப் போய்விட்டார். நான் அவருக்குச் சரியாக ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களுக்காக மெஷினை நிறுத்திவைத்திருந்தார்கள். படுக்கவைப்பதற்கு முன்னால் எடை பார்ப்பது வழக்கம். போன தடவை எழுந்துபோனபோது இருந்த எடையைக் கழித்தால் உடம்பில் சேர்ந்த தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அவ்வளவையும் மெஷின் எடுக்கவேண்டும். நர்ஸ் சின்னப் பெண், பம்மலில் இருந்து இந்த மழையிலும் வந்திருந்தாள்.

"தண்ணி நிறைய சேர்ந்திருக்கா சார்?"

"இல்லம்மா, லேசாத்தான்."

எடைமேடையில் ஏறினார். அவள் முள்ளைப் பார்த்தாள், அவர் காலைப் பார்த்தாள், மறுபடி முள்ளைப் பார்த்தாள்.

"அஞ்சு கிலோ சார். அஞ்சு கிலோ தண்ணிய உள்ள வெச்சுகிட்டு லேசான்றீங்க. யார ஏமாத்தறீங்க? இன்னிக்கு ராத்திரி தாண்டியிருக்காது."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா படுத்தார். ஊசி ஏறியது. மெஷின் முனகத் தொடங்கியது. அலைமகள் நகரிலிருந்து இந்த மழையில் வடிந்த முதல் தண்ணீர் அதுதான்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் அடித்தது. துறைமுகத்தில் குடைக்குக் கீழே பார்த்த அதே அதிகாரி. குழுவில் வந்த படங்கள் எப்படியோ அவர் கைக்கும் போய்விட்டிருக்கின்றன. மாமாவின் ஒரு கை ஊசியில் இருந்ததால் நான்தான் போனை அவர் காதில் வைத்தேன்.

"சார், உங்க நகர்ல தண்ணி இருக்கா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க. அனுப்பறதா வேணாமா?"

மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஈரம் என்று மட்டும் சொல்லட்டும், ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்துவது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

"இருக்கு சார்" என்றார். "தண்ணி இருக்கு. கழுத்தளவு. ரெண்டு மூணு போட் அனுப்புங்க. மொதல்ல எங்க எதிர்வீடு. டீச்சர் தனியா இருக்காங்க."

அதிகாரி சரி என்றார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு கொஞ்சம் சீராக வந்ததுபோல இருந்தது. எனக்கும் ஆத்திரம் வடியத் தொடங்கியது. போனை அவர் காதிலிருந்து எடுக்கப் போனேன். கையைத் தட்டி நிறுத்தினார்.

"சார், சார், வெச்சுடாதீங்க" என்றார். "டிவிக்காரங்க கூட வந்தாங்கன்னா, அந்த ஆர்ச்சு தெரியாம எடுக்கச் சொல்லுங்க."